கனடாவின் மேற்குக் கரைப் பழங்காடுகள்: காட்டுயிர்களைக் காண்பதற்கும் காட்டைக் காப்பதற்கும் ஒரு கையேடு

கனடாவின் மேற்குக் கோடியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கடற்கரை நெடுகிலும், வான்கூவர் தீவில் தொடங்கி அலாஸ்காவின் எல்லைவரை மலைக்கும் கடலுக்கும் இடையே ஒரு காடு நீண்டு கிடக்கிறது. பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கரையோர மலைகளில் மோதி அங்கேயே மழையாகக் கொட்டிவிடுவதால், டொஃபினோ போன்ற கடலோர ஊர்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேலும், வான்கூவர் தீவின் ஹெண்டர்சன் ஏரிப் பகுதியில் ஏறக்குறைய அதன் இருமடங்கும் மழை பெய்கிறது. கடலின் வெதுவெதுப்பால் குளிர்காலத்திலும் இங்கே கடும் உறைபனி அரிது. வெப்பமண்டலத்துக்கு வெளியே, மிதமான குளிரில் வளரும் இத்தகைய மழைக்காடுகள் உலகில் மிகச் சில இடங்களிலேயே உள்ளன. அவற்றில் எஞ்சியிருப்பதில் கணிசமான பங்கு இந்தக் கரையில்தான் இருக்கிறது. கடலோரப் பகுதியில் 250 ஆண்டுகளைக் கடந்த மரங்கள் நிற்கும் காட்டையே மாகாண அரசு பழங்காடு என்று வகைப்படுத்துகிறது. அவற்றுள் சில செடார் மரங்களுக்கு வயது ஆயிரத்துக்கு மேல்.

இந்தக் காட்டுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கரடியையும் திமிங்கலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதில் தவறு ஏதுமில்லை. ஆனால் இங்குள்ள விலங்குகள் பழைய மரங்களை நம்பி எப்படி வாழ்கின்றன என்பதை அறிந்து பார்ப்பவருக்கு மும்மடங்கு காட்சி கிடைக்கும் என்பதும், அவர் கண்டதை முறையாக எழுதிவைத்தால் அதுவே அந்த மரங்கள் நிற்பதற்கான சான்றாகலாம் என்பதும் என் உறுதியான எண்ணம். ஆகவே மரத்தைப் படிப்பது, விலங்கைக் காண்பது, கண்டதைப் பதிவது, வெட்டுவதா வேண்டாமா என்ற முடிவு எடுக்கப்படுவதற்கு முன்பே அந்தப் பதிவை உரியவர்களிடம் சேர்ப்பது என்ற வரிசையில் இந்தக் கையேடு செல்கிறது.

எப்போது, எங்கே, யாருடைய நிலத்தில்

முதலில் பருவத்தை முடிவுசெய்யுங்கள். இடம் அதைப் பொறுத்தே அமையும். மார்ச் மாதத்தில் ஹெர்ரிங் மீன்கள் முட்டையிடுவதற்காகக் கரையோரம் திரளும்போது கடற்சிங்கங்களும் வெண்தலைக் கழுகுகளும் பின்தொடர்ந்து கூடுகின்றன. வடக்கு நோக்கி வலசை போகும் சாம்பல் திமிங்கலங்களும் அதே காலத்தில் வான்கூவர் தீவின் மேற்குக் கரையைக் கடக்கின்றன. மே, ஜூன் மாதங்களில், குளிர்கால உறக்கம் கலைந்த கிரிஸ்லி கரடிகள் ஆற்றுக் கழிமுகங்களில் முளைத்திருக்கும் கோரைப்புல்லை மேய வருகின்றன. பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்துக்கு அருகிலுள்ள குட்ஸேமடீன் பள்ளத்தாக்கு இதற்குப் பேர்பெற்றது. கிரிஸ்லிகளுக்கென்றே 1994-இல் அது காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஆறுகளுக்குள் ஏறுகின்றன. கரடி, ஓநாய், கழுகு, அண்டங்காக்கை என எல்லா உயிரும் நீரோரத்தில் கூடும் அந்தச் சில வாரங்களே ஆண்டின் உச்சம்.

முதன்முறை வருபவர் எடுத்த எடுப்பிலேயே வடக்கே கரடி தேடிப் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வான்கூவர் தீவில் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கும் கதீட்ரல் குரோவில் ஏறக்குறைய 800 ஆண்டு வயதுள்ள டக்ளஸ் ஃபர் மரங்களைப் பார்க்கலாம். டொஃபினோவிலிருந்து படகில் சில நிமிடங்களில் மீர்ஸ் தீவை அடைந்து, மரப்பலகை நடைபாதையில் பெரும் செடார்களுக்கு இடையே நடக்கலாம். போர்ட் ரென்ஃப்ரூ அருகே, 2012-இல் வெட்டுக்குத் தடை பெற்ற அவதார் குரோவ் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றிலேனும் ஒரு முழு நாளைச் செலவிட்டுக் கண்ணைப் பழக்கிக்கொண்டு, அதன்பின் வடக்கே 64 லட்சம் ஹெக்டேர் பரப்பில் விரிந்துள்ள கிரேட் பேர் மழைக்காட்டுக்குச் செல்வது நல்லது. அங்கே சாலைகள் மிகக் குறைவு. போர்ட் ஹார்டியிலிருந்து புறப்படும் படகுப் போக்குவரத்தும் சிறு விமானங்களுமே வழி.

இந்தக் கரையில் உரிமையாளர் இல்லாத காடு என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு பள்ளத்தாக்கும் ஏதேனும் ஒரு முதற்குடிச் சமூகத்தின் பாரம்பரிய நிலம். அவர்களில் பலர் அந்நிலத்தைத் தம் சட்டத்தாலும் காவலர்களாலும் இன்றும் ஆள்கிறார்கள். ஹைடா குவாயின் தென்பகுதியான குவாய் ஹானாஸுக்குள் நுழைவதற்கு முன்பதிவும் அறிமுக வகுப்பும் கட்டாயம். கிளெம்டுவில் கிட்டாசூ ஹைஹைஸ் மக்களும், ஹார்ட்லி பேயில் கிட்காட் மக்களும் தம் நிலத்தில் கரடிக் காட்சிக்குத் தாமே வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். வழிகாட்டி கிடைக்கும் இடத்தில் அவர்களுடனேயே செல்லுங்கள். அந்தக் கட்டணம் காட்டை நிற்கவைத்தே வருமானம் பெற முடியும் என்பதை மெய்ப்பிக்கிறது. தனியே செல்வதானால், அந்தச் சமூகத்தின் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி, எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பருத்தி நனைந்தால் உடல் வெப்பத்தை இழுத்துவிடும். கம்பளியும் நல்ல மழையுடையும் வேண்டும். காட்டின் அடிப்பகுதி நண்பகலிலும் மங்கலாகவே இருக்கும் என்பதால், சிறிய பைனாகுலரைவிட 8×42 அளவுள்ளது பயன்படும். பெரும்பாலான இடங்களில் கைபேசித் தொடர்பு கிடைக்காது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். மரம் ஏற்றும் லாரிகள் ஓடும் மண்சாலைகளில் விளக்கை எரியவிட்டு, வலப்பக்கம் ஒதுங்கியே ஓட்டுங்கள். கழிமுகத்தில் நடப்பதானால் கடல் ஏறும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் அட்டவணையில் பார்க்காமல் இறங்காதீர்கள். பிரின்ஸ் ரூபர்ட் பகுதியில் நீர்மட்டம் 7 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும்.

விலங்குக்கு முன் மரம்

நான்கு மரங்களை அடையாளம் காணத் தெரிந்தால் இந்தக் காட்டின் பெரும்பகுதியைப் படித்துவிடலாம். மேற்குச் செம்செடாரின் பட்டை நார்நாராக நீளவாக்கில் உரியும். இலைகள் செதில் செதிலாகத் தட்டையாக இருக்கும். முதிர்ந்த மரத்தின் உச்சி காய்ந்து பல கொம்புகளாகப் பிரிந்து நிற்கும். மேற்கு ஹெம்லாக்கின் நுனிக்குருத்து எப்போதும் வளைந்து தொங்கும். அதன் ஊசியிலைகள் ஒரே கிளையில் நீளமும் குட்டையுமாகக் கலந்திருக்கும். சிட்கா ஸ்ப்ரூஸின் இலையைக் கையால் பற்றினால் குத்தும். பட்டை சிறு தகடுகளாகப் பெயரும். டக்ளஸ் ஃபரின் பட்டை தடித்து ஆழமான பிளவுகளுடன் இருக்கும். அதன் கூம்புக்காய்களின் செதில்களுக்கு நடுவே, உள்ளே புகுந்துகொண்ட எலியின் பின்கால்களும் வாலும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப்போல முக்கவட்டுத் துணுக்குகள் தெரியும்.

மரங்களின் பருமனை மட்டும் பார்த்துப் பழங்காடு என்று முடிவுசெய்துவிடக் கூடாது. வெட்டியபின் நட்டு வளர்த்த காட்டில் மரங்கள் ஒரே வயதில், ஒரே உயரத்தில், நெருக்கமாக நிற்கும். மரமுடிகள் சேர்ந்த கூரையான விதானம் மூடிவிட்டதால் தரையில் பசுமை அற்றிருக்கும். பழங்காட்டில் எல்லா வயது மரங்களும் கலந்திருக்கும். முதிர்ந்த மரம் சாய்ந்த இடத்தில் வெளிச்சம் விழுந்து பெரணிகளும் ஹக்கிள்பெர்ரிப் புதர்களும் எழும். இறந்தும் நின்றுகொண்டிருக்கும் பட்டமரங்கள், விழுந்து மட்கிக்கொண்டிருக்கும் அடிமரங்கள், அந்த அடிமரங்களின்மேல் வரிசையாக வேரூன்றிய இளங்கன்றுகள், கிளைகளில் மெத்தையாகப் படர்ந்த பாசி ஆகியவை ஒருங்கே தென்பட்டால் ஐயமின்றி அது பழங்காடு. தரையில் உதிர்ந்துகிடக்கும் அகன்ற இலைவடிவ லைக்கன்களையும் (பூஞ்சையும் நுண்பாசியும் இணைந்து வாழும் உயிர்கள்) கவனியுங்கள். லோபேரியா எனப்படும் அவ்வகை லைக்கன்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை ஈர்த்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. முதிர்ந்த விதானங்களில்தான் அவை செழித்து வளரும்.

இப்போது விலங்குகளுக்கு வரலாம். மார்பிள்ட் முரலெட் என்னும் சிறு கடற்பறவை மீன் பிடிப்பது கடலில். ஆனால் முட்டையிடுவது கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, பழைய மரத்தின் உயரத்தில், பாசி படர்ந்த அகன்ற கிளையில். அது கூடு கட்டுவதில்லை. பாசியில் ஒரு குழிவு, அதில் ஒரே ஒரு முட்டை, அவ்வளவுதான். வட அமெரிக்காவின் மற்றப் பறவைகளின் கூடுகள் எல்லாம் அறியப்பட்டபின்னும் இதன் கூடு மட்டும் 1974-இல் கலிஃபோர்னியாவில் மரமேறி ஒருவர் தற்செயலாகக் காணும்வரை அறிவியலுக்குத் தெரியாமலே இருந்தது. முட்டை தங்கும் அளவுக்குக் கிளை அகன்று அதில் பாசி தடிக்க நூற்றாண்டுகள் ஆகின்றன. அறுபது எண்பது ஆண்டுகளில் திரும்ப வெட்டப்படும் காட்டில் அத்தகைய கிளை ஒருபோதும் உருவாகாது.

வான்கூவர் தீவின் கருங்கரடிகள் குளிர்காலத்தைக் கழிக்கும் பொந்துகளும் அப்படித்தான். மழை மிகுந்த அந்தத் தீவில் மண்குழி நனைந்துவிடும் என்பதால், பெரும்பாலும் பழைய செடார்களின் உட்குடைந்த அடிப்பகுதியையோ, அவற்றின் அடிக்கட்டைகளையோ, விழுந்த பெருமரங்களின் உட்குழிவையோ அவை நாடுகின்றன. ஒரே பொந்தைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்துவதும் உண்டு. முன்பு வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் மட்கி முடிந்தபின், இளங்காட்டில் அவற்றுக்கு மாற்று இருக்காது. ஆகவே குடைந்த செடாரைக் கண்டால் அது பழுதான மரம் என்று கடந்துவிடாதீர்கள். உள்ளே கைவிளக்கு அடித்துப் பார்ப்பதும் கூடாது. சற்றுத் தள்ளி நின்று, நுழைவாயிலில் நகக்கீறலும் ஒட்டிய மயிரும் உண்டா என்று பைனாகுலரில் பாருங்கள்.

இன்னொரு வகை மரமும் உண்டு. செடாரின் பட்டை ஓர் ஓரத்தில் நீண்ட முக்கோணமாக உரிக்கப்பட்டு, காயத்தின் இருபுறமும் மரம் வளர்ந்து மூடிவருவதைக் கண்டால், அது முதற்குடி மக்கள் கூடைக்கும் பாய்க்கும் ஆடைக்கும் நார் எடுத்த மரம். பலகை பெயர்த்த தழும்புகளும், தோணிக்கு உகந்ததா என்று சோதிக்க இட்ட துளைகளும் சில மரங்களில் இருக்கும். 1846-க்கு முற்பட்ட இத்தகைய தடயங்கள் மாகாணத்தின் மரபுரிமைச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இவற்றுக்கு மீண்டும் வருவேன்.

தடம் பார்த்து, தொலைவு காத்து

மழைக்காட்டில் விலங்கு கண்ணில் படுவதைவிட அதன் தடம் கண்ணில் படுவதே மிகுதி. சால்மன் ஓடையின் கரையில் தலை மட்டும் தின்னப்பட்ட மீன்கள் கிடந்தால் ஓநாய் வந்துபோயிருக்கலாம். மூளையும் முட்டைத்திரளும் மட்டும் எடுக்கப்பட்டு உடல் கிடந்தால் மீன் ஏராளமாக இருக்கும் இடத்தில் கரடி தின்றதாகலாம். கரடிகள் ஆண்டுக்கணக்காகத் தம் காலடியை ஒரே இடத்தில் பதித்து நடப்பதால் பாசித்தரையில் தனித்தனிக் குழிகளாக வழி உருவாகியிருக்கும். அந்த வழி முடியும் மரத்தில் முதுகைத் தேய்த்த மயிர் ஒட்டியிருக்கும். இளவேனிலில் ஸ்கங்க் கேபேஜ் செடிகள் வேரோடு தோண்டப்பட்டிருந்தால் அதுவும் கரடியின் வேலையே. புதிய தடம் கண்டால் முன்னேறாமல் நின்று, காற்றின் திசையையும் ஓடையின் இரைச்சலையும் கணியுங்கள்; ஓடை இரைச்சலில் நீங்கள் வருவது கரடிக்குக் கேட்காது.

கரடி விட்டுச்செல்லும் மீன் வீணாவதில்லை. விக்டோரியா பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் டாம் ரைம்கன் தம் ஆய்வுகளில், சால்மன் வழியாகக் கடலிலிருந்து வந்த நைட்ரஜன் ஓடைக்கரை மரங்களில் சேர்ந்திருப்பதைக் காட்டினார். மீனைக் கரடி காட்டுக்குள் தூக்கிச்சென்று தின்கிறது, மிச்சம் மண்ணாகிறது, மண் மரமாகிறது, மரத்தின் நிழல் ஓடையைக் குளிர்ச்சியாக வைத்து அடுத்த தலைமுறைச் சால்மனின் முட்டைகளைக் காக்கிறது. இதை மனத்தில் கொண்டு ஓடைக்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது, படகில் விரைந்து ஐந்து கரடிகளைப் படமெடுப்பதைவிட மேலானது என்பேன்.

கருங்கரடியையும் கிரிஸ்லியையும் நிறத்தால் பிரிக்க முயலாதீர்கள். தோளில் திமிலும், குழிந்த முகமும், சிறிய வட்டக் காதுகளும், நீண்ட முன்னகங்களும் கிரிஸ்லிக்கு உரியவை. வான்கூவர் தீவில் கிரிஸ்லி நிலையாக வாழ்வதில்லை. எப்போதாவது பெருநிலத்திலிருந்து நீந்தி வரும். பிரின்சஸ் ராயல், கிரிபெல் ஆகிய தீவுகளை ஒட்டிய பகுதியில் வெண்ணிற ஆவிக்கரடியைக் காணலாம். அது தனி இனமன்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே ஒடுங்குமரபணு வந்துசேரும்போது வெள்ளையாகப் பிறக்கும் கருங்கரடியே. பகல் வெளிச்சத்தில் அந்த வெண்மை மீனின் கண்ணுக்கு எளிதில் படாததால், கறுப்புக் கரடியைவிட அது சால்மன் பிடிப்பதில் கூடுதல் வெற்றி பெறுகிறது என்று ஆய்வுகள் கூறுகின்றன. 2006-இல் அது மாகாணத்தின் அடையாள விலங்காக அறிவிக்கப்பட்டது. கிரிஸ்லி வேட்டைக்கு மாகாணம் 2017 இறுதியில் தடை விதித்தது.

தேசியப் பூங்கா விதிகளின்படி கரடி, ஓநாய், மலைச்சிங்கம் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 100 மீட்டரும், மான் வகைகளிலிருந்து 30 மீட்டரும் விலகி நிற்க வேண்டும். கடலில் பெரும்பாலான திமிங்கலங்களுக்கு 100 மீட்டரும், ஓர்கா திமிங்கலத்துக்கு 200 மீட்டரும் குறைந்தபட்சத் தொலைவு. தெற்கு நீர்ப்பகுதிகளில் ஓர்காவுக்கான விதி இதைவிடக் கடுமையானது, அவ்வப்போது திருத்தப்படுவது, ஆதலால் புறப்படும் முன் அவ்வாண்டின் அறிவிப்பைப் பாருங்கள். இவை மேல்வரம்புகள் அல்ல. விலங்கு மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ, வழி மாறி நடந்தாலோ நீங்கள் 150 மீட்டரில் இருந்தாலும் நெருங்கிவிட்டீர்கள் என்றே பொருள்.

கரடி உங்களைக் கண்டுவிட்டால் ஓடக் கூடாது. தாழ்ந்த குரலில் பேசி, நீங்கள் மனிதர் என்பதைத் தெரிவித்து, மெல்லப் பின்வாங்குங்கள். கரடித் தெளிப்பான் பைக்குள் அல்ல, இடுப்பில் இருக்க வேண்டும். அதை எடுத்துப் பாதுகாப்பு ஊசியை விடுவிக்க வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். தற்காப்புக்காகத் தாக்கும் கிரிஸ்லி உடலைத் தொட்டுவிட்டால் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கைகளால் மூடி அசையாமல் கிடக்க வேண்டும் என்றும், இரையாகக் கருதித் தாக்கும் கருங்கரடியையும் மலைச்சிங்கத்தையும் எதிர்த்துப் போராட வேண்டும் என்றும் பூங்கா அதிகாரிகள் கற்பிக்கிறார்கள். குழந்தைகளைப் பெரியவர்களுக்கு நடுவே நடக்கவிடுங்கள்.

உணவுத் துணுக்கு எதையும் காட்டில் விடாதீர்கள். கரடி பழகிவிடும் என்பது எல்லோரும் அறிந்த காரணம். அறியாத காரணம் ஒன்றும் உண்டு. முகாம்களில் சிந்தும் ரொட்டித்துணுக்குகள் ஸ்டெல்லர்ஸ் ஜே பறவைகளையும் அண்டங்காக்கைகளையும் பெருகச் செய்கின்றன. அவை முரலெட்டின் அந்த ஒற்றை முட்டையைத் தேடித் தின்பவை. அதேபோல், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு ஆந்தையை வரவழைப்பதும், டிரோன் பறக்கவிடுவதும் வேண்டாம்; பூங்காக்களில் டிரோன் தடைசெய்யப்பட்டது.

முரலெட்டைக் காண விரும்பினால் மே முதல் ஜூலைவரை, கதிரவன் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, பழங்காட்டுக்குள் வானம் தெரியும் ஒரு திறப்பில் படுத்துக்கொள்ளுங்கள். கூர்மையான குரலெழுப்பிக்கொண்டு மரநுனிகளுக்கு மேலே அம்பாய்ப் பாயும் பறவையைக் காண்பதைவிடக் கேட்பதே எளிது. விடியும்போது நீண்ட ஒற்றைச் சுரத்தில் ஒலித்து, நிறுத்தி, வேறு சுருதியில் மீண்டும் ஒலிப்பது வேரீட் த்ரஷ். இடைவிடாமல் பின்னிக்கொண்டே போகும் நெடும்பாட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் பசிபிக் ரென் பறவையுடையது. தரையில் வாழைப்பழ நத்தை ஊர்ந்து செல்லும். ஓடாத இந்தச் சிற்றுயிரைக் குழந்தைகள் நிதானமாகப் பார்க்கலாம். பல்லியைப் போலத் தோன்றும், செம்மஞ்சள் வயிறுள்ள சொரசொரப்பு நியூட்டை மட்டும் தொட வேண்டாம். அதன் தோலில் கடும் நஞ்சு உண்டு.

எழுதிவைப்பது எப்படி

நனையாத தாளும் பென்சிலும் போதும். நாள், நேரம், வானிலை, ஜி.பி.எஸ். புள்ளி, கண்ட உயிர், அது செய்துகொண்டிருந்தது, அருகில் இருந்த மரம் ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். கண்டதையும் ஊகித்ததையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். "கரடிப் பொந்து" என்று எழுதுவதைவிட, "அடிப்பகுதி குடைந்த செடார், நுழைவில் கறுப்பு மயிர், நகக்கீறல்" என்று எழுதுவது பின்னர் நிற்கும். படம் எடுக்கும்போது ஓர் அளவுகோலையும் சேர்த்து எடுங்கள்.

பெருமரத்தை அளப்பது எளிது. சரிவில் நிற்கும் மரமானால் மேட்டுப் பக்கத்தில், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றிச் சுற்றளவைக் குறியுங்கள், அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். மரத்தைச் சுற்றி மிதித்து வேரை இறுக்காமல் இருவர் சேர்ந்து ஒரே முறையில் அளந்துவிடுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் மாகாணப் பெருமரப் பதிவேடு ஒன்றைப் பராமரிக்கிறது. யார் வேண்டுமானாலும் மரத்தை முன்மொழியலாம். 2020-இல் வந்த சிறப்பு மரப் பாதுகாப்பு விதி, இனத்துக்கேற்ற விட்ட வரம்பைக் கடந்த மரத்தையும் அதைச் சுற்றிய ஒரு ஹெக்டேர் காட்டையும் வெட்டிலிருந்து விலக்குகிறது. அளவு குறிக்கப்பட்ட மரத்துக்கு இவ்வாறு சட்டத்தின் துணை கிடைக்கிறது.

ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் போன்ற செயலிகளில் பதிவிடுவது நல்லது. ஆனால் பொந்து, கூடு, ஆந்தை, ஆவிக்கரடி ஆகியவற்றின் துல்லிய இடத்தைப் பொதுவெளியில் விடாதீர்கள். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மங்கலாக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். நார் எடுத்த செடாரைக் கண்டால் அந்தத் தகவல் முதலில் சேரவேண்டியது அந்நிலத்து முதற்குடி அலுவலகத்துக்கு.

எழுதியதைக் கொண்டு காட்டைக் காப்பது

1984-இல் மீர்ஸ் தீவை வெட்ட ஒரு பெரும் மரநிறுவனம் முனைந்தபோது, ட்லா-ஓ-க்வி-ஆட் மக்கள் தீவைத் தம் இனப் பூங்காவாக அறிவித்து வழிமறித்தனர். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றது. தழும்பு தாங்கிய செடார்கள், அந்த மக்கள் காட்டைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்ததற்குச் சாட்சியாயின. 1985-இல் நீதிமன்றம் வெட்டுக்குத் தடை விதித்தது. இன்று நீங்கள் அங்கே நடக்கும் பலகைப் பாதை அந்தத் தடையால் நின்ற காட்டின் ஊடே செல்கிறது. பதிவின் வலிமைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதை அடுத்து வந்தவை பெரும் போராட்டங்கள். 1993-இல் டொஃபினோவைச் சூழ்ந்த கிளேக்வாட் சவுண்டில் 850-க்கு மேற்பட்டோர் கைதாயினர். 2006-இலும் 2016-இலும் எட்டப்பட்ட உடன்பாடுகளால் கிரேட் பேர் மழைக்காட்டின் 85 விழுக்காடு வெட்டிலிருந்து விலக்கப்பட்டது. போர்ட் ரென்ஃப்ரூ அருகே 2020-இல் தொடங்கிய ஃபேரி கிரீக் மறியலில் 1,100-க்கு மேற்பட்ட கைதுகள் நிகழ்ந்தன. அங்கே பச்சீடாட் சமூகத்தின் நிர்வாகம் வெளியாரை விலகும்படி கேட்க, அதே சமூகத்தின் மூத்தவர் ஒருவர் மறியல் செய்தவர்களுடன் நின்றார் என்பதை மறக்கக் கூடாது. யாருடைய நிலமோ அவர்களின் எண்ணத்தைக் கேட்டறியாமல் அவர்கள் பெயரால் பேசாதீர்கள். 2024-இல் ட்லா-ஓ-க்வி-ஆட், அஹௌசாட் மக்களுடன் மாகாணம் இணைந்து கிளேக்வாட் சவுண்டில் ஏறக்குறைய 76,000 ஹெக்டேரைக் காப்புப்பகுதிகளாக அறிவித்தது. மீர்ஸ் தீவிலிருந்து கணக்கிட்டால் நாற்பது ஆண்டுகள். இந்த வேலையில் பொறுமையின் அளவு அதுதான்.

கைதாவது மட்டுமே வழியன்று. மாகாணத்தின் நிலத்தில் ஏறக்குறைய 94 விழுக்காடு பொதுநிலம். அதில் மரம் வெட்ட உரிமம் பெற்றவர், வெட்டப்போகும் பகுதிகளையும் போடப்போகும் சாலைகளையும் முன்கூட்டியே இணைய வரைபடத்தில் வெளியிட்டு, 30 நாள்களுக்குப் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். நீங்கள் நடந்து பதிந்த பள்ளத்தாக்கை அந்த வரைபடத்தில் மாதந்தோறும் தேடிப் பாருங்கள். பொதுநிலம் அல்லாத இடத்தில் இந்த வழி திறந்திருக்காது. வான்கூவர் தீவின் கிழக்குப் பகுதியில் பெரும்பரப்பு 1880-களின் ரயில்பாதை மானியத்தால் தனியார் கைக்குச் சென்றது என்பதால் முதலில் நிலம் யாருடையது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கருத்து எழுதும்போது "இயற்கையை அழிக்காதீர்கள்" என்று மட்டும் எழுதினால் அதற்கு மறுமொழி தேவைப்படாது. வெட்டுப்பகுதியின் எண்ணைக் குறிப்பிட்டு, "இந்தப் புள்ளியில் இவ்வளவு விட்டமுள்ள செடார் நிற்கிறது, இந்த நாளில் இந்த நேரத்தில் முரலெட் குரல் கேட்டது, இந்த ஓடையில் சால்மன் ஏறுவதைப் பார்த்தேன், எல்லையை இவ்வளவு தூரம் பின்னுக்கு நகர்த்துங்கள்" என்று எழுதுங்கள். அதன் நகலை உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும், முதற்குடி அலுவலகத்துக்கும் அனுப்பி, ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பழங்காடுகளைப் பற்றிச் சுயேச்சையான இருவர் குழு 2020-இல் அரசுக்கு அளித்த 14 பரிந்துரைகளையும், வல்லுநர் குழு 2021-இல் வெட்டைத் தள்ளிவைக்கச் சொன்ன 26 லட்சம் ஹெக்டேர் பழங்காட்டின் வரைபடத்தையும் மேற்கோள் காட்டலாம். உங்கள் பள்ளத்தாக்கு அந்த வரைபடத்துக்குள் இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

காட்டில் கள்ளவேட்டையையோ திருட்டு வெட்டையோ கண்டால் நேரில் தட்டிக்கேட்காமல், வண்டி எண்ணையும் இடத்தையும் குறித்துக்கொண்டு மாகாணத்தின் ஆர்.ஏ.பி.பி. (Report All Poachers and Polluters) புகார் எண்ணுக்கு அறிவியுங்கள். வடக்கே முதற்குடிகளின் கடலோரக் காவலர்கள் ரோந்து செல்கிறார்கள். கிட்டாசூ ஹைஹைஸ், நுஹால்க் காவலர்களுக்கு 2022 முதல் மாகாணப் பூங்கா வனக்காவலருக்குரிய அதிகாரமும் வழங்கப்பட்டுள்ளது. அவர்களுக்கு நன்கொடை அனுப்புவது நேரடியாகப் படகுக்கும் எரிபொருளுக்கும் போய்ச்சேரும் உதவி.

கனடாவில் வாழும் தமிழர்கள் காட்டுக்குப் போகாமலே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. டொராண்டோவிலும் வான்கூவரிலும் வீட்டின் பின்புறத்துக்கு வேலியும் மேடையும் அமைக்கச் செடார் பலகை வாங்குவது வழக்கம். கணுவே இல்லாத, இழை நெருங்கிய, அகன்ற பலகை பெரும்பாலும் பழைய மரத்திலிருந்தே கிடைக்கும். கடைக்காரரிடம் அது எங்கே வெட்டப்பட்டது, மறுவளர்ச்சிக் காட்டு மரமா என்று கேளுங்கள், பொறுப்பாகப் பராமரிக்கப்படும் காட்டு மரத்துக்கு வழங்கப்படும் எஃப்.எஸ்.சி. சான்று உள்ளதா என்று பாருங்கள். விடை கிடைக்காவிட்டால் கணுவுள்ள பலகையையோ பழைய கட்டடங்களிலிருந்து மீட்ட மரத்தையோ வாங்குங்கள். வேலிக்கு அது போதும்.